போய்ப் பார்த்த பெயர்

"இந்தச் சீட்டை மாத்திக் கொடு தங்கச்சி. என்னால முடியாது."

எப்சிபா நிமிரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காகிதச் சுருள் ஏற்றிய லாரி ஒன்று எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தது. எண் ஓடி நிற்கும் வரை காத்திருந்தாள். ரசீது அடித்து டிரைவரிடம் நீட்டினாள். பிறகுதான் திரும்பினாள்.

"யார் பேரு வந்திருக்கு அக்கா?"

"நீயே பாரு."

ஞானப்பூ சீட்டை மேசைமேல் வைத்தாள். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். ஒரே வரி.

பொன்சிங். உடல் சுகத்துக்காக.

"லீதியாள் அக்கா எழுத்து," என்றாள் எப்சிபா.

"யார் எழுதினா எனக்கென்ன? ஆபேல் அண்ணாச்சிகிட்ட கொடு. பேசத் தெரிஞ்ச மனுஷன். அவர் போகட்டும்."

"குலுக்கிப் போட்டு எடுத்தது. உங்க கையில வந்திருக்கு."

"அதைத்தான் நானும் கேக்குறேன். என் கையில வரலாமா இது?"

அடுத்த லாரி ஹாரன் அடித்தது.

*

அந்த ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை நேரத்தில் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வெடித்தது. நான்கு பேர் உட்காரலாம் என்று அனுமதி உள்ள அறையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் இறந்ததாக மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. வாரக் கடைசியில் அது ஒன்பது ஆனது. ஒன்பது உள்பக்கத்தில் வந்தது.

ஒன்பதில் ஒருத்தி பியூலா. ஞானப்பூவின் ஒரே மகள். வயது இருபத்தொன்று.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் போர்மேன் பொன்சிங். அதே சபையைச் சேர்ந்தவர். சனிக்கிழமை மாலை வீடு வீடாகப் போய் ஞாயிறு வேலைக்கு ஆள் கூப்பிட்டவர் அவர்தான். வெடித்தபோது வாசலில் நின்றிருந்தார். பாதி உடம்பு வெந்தது. உயிர் போகவில்லை. மதுரையில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வழக்கு நடக்கிறது. முதலாளி முன்ஜாமீனில் இருக்கிறார்.

*

அந்தச் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் உண்டு. பதினைந்து பேர் வருவார்கள். கோயில் வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. பரீட்சை, விசா, பெண் பார்க்க வருகிறார்கள், கர்ப்பப்பையில் கட்டி, வீட்டுக்காரர் குடியை விட வேண்டும் என்று ஊர் அதில் சீட்டு எழுதிப் போடும். சீட்டுகளைக் குலுக்கி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்தவர் அந்த வாரமே அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் வெள்ளிக்கிழமை அந்தப் பெயரை ஜெபத்தில் எடுக்கலாம்.

வேறு சபைகளில் இந்த வழக்கம் இல்லை. இங்கே வந்ததற்குக் காரணம் எப்சிபா செய்த தவறு.

மூன்று வருடத்துக்கு முன்பு சீட்டுகளை வாசித்தவள் அவள்தான். நல்ல குரல். வெளியூரிலிருந்து வந்து தங்கி வேலை பார்த்த ஒரு லோடுமேனின் பெயரை ஒன்பது வாரம் வாசித்தாள். ஒன்பது வாரமும் சபை அவர் சுகத்துக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தது. பத்தாவது வாரம் பெயரை வாசித்ததும், கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க அப்பாவை அடக்கம் பண்ணி ஏழு வாரம் ஆச்சு," என்றாள். "நீங்க இன்னும் அவருக்குக் காய்ச்சல் விடணும்னு கேட்டுக்கிட்டிருக்கீங்க."

அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முதல், பார்க்காத ஒரு பெயரை எப்சிபா தன் வாயால் சொல்லவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் வந்தார்கள். அவளுக்கு வயது முப்பத்தாறு. குழுவில் எல்லாரையும்விட இளையவள். ஜெபிக்கத் தெரியவில்லை என்கிறவர்கள் அவளைத் தேடித்தான் எடைமேடைக்கு வந்தார்கள்.

ஞானப்பூவும் அப்படி வந்தவள்தான். வயது நாற்பத்தெட்டு. மகளை அடக்கம் செய்த மூன்றாம் மாதம் வந்து நின்றாள்.

"எனக்கு ஜெபிக்கச் சொல்லிக் கொடு. வாயைத் திறந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது."

எப்சிபா எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஞானப்பூ இருபது வீடுகளுக்குப் போய் வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று இரண்டு வரி சொல்வாள். ஜெபத்தை எப்சிபா செய்துவிடுவாள்.

இருபத்தொன்றாவது சீட்டில் பொன்சிங் வந்தார்.

*

"அப்ப மாத்தித் தர மாட்டே?"

"மாத்தலாம்க்கா. எதுக்கு மாத்தணும்னு சொல்லுங்க."

"அவனுக்காக நான் ஜெபிக்க மாட்டேன்."

"ஜெபிக்க வேண்டாம்."

ஞானப்பூ அவளைப் பார்த்தாள்.

"பார்த்துட்டு மட்டும் வாங்க."

"பார்த்து?"

"வந்து சொல்லுங்க."

"சொல்லி?"

லாரிக்காரர் கண்ணாடியைத் தட்டினார். எப்சிபா எண்ணைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

*

வியாழக்கிழமை ஞானப்பூ போனாள். பொன்சிங்கின் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை எப்சிபா கேட்டாள்.

"பார்த்தீங்களா அக்கா?"

"போனேன்."

"பார்த்தீங்களா?"

"கதவு சாத்தியிருந்துச்சு."

ஆபேல் அண்ணாச்சி முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஸ்டாப்பிங் வரைக்கும் போயிட்டு இறங்காமலே திரும்பி வந்திருக்கே ஞானப்பூ."

இரண்டு பேர் சிரித்தார்கள். எப்சிபா சிரிக்கவில்லை.

"கதவு எப்படி இருந்துச்சு?"

"கதவு கதவாத்தான் இருந்துச்சு."

"அப்ப கதவுக்காக ஜெபிப்போமா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். ஞானப்பூ சீட்டை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். பெயர் அடுத்த வாரத்துக்குப் போனது.

*

திங்கட்கிழமை காலை, குழாயடியில் லீதியாள் ஞானப்பூ பக்கத்தில் வந்து நின்றாள். பொன்சிங்கின் மனைவி. வெடித்த நாளிலிருந்து இருவரும் பேசியதில்லை. லீதியாள் ஜெபக் கூட்டத்துக்கும் வருவதில்லை. சீட்டை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"சீட்டு உங்க கையில வந்திருக்காமே."

"யார் சொன்னா?"

"ஆபேல் அண்ணாச்சி."

"அந்த மனுஷன் வாயில ஒண்ணும் நிக்காது."

லீதியாள் குடத்தை நகர்த்திவைத்தாள்.

"மாத்திருங்க அக்கா. உங்களை நோகடிக்க எழுதலை. யார் கைக்குப் போகும்னு எனக்குத் தெரியுமா?"

"மாத்தச் சொல்லிட்டேன். மாத்த மாட்டேங்கிறா."

"அப்படியா."

குடம் நிரம்பி வழிந்தது. லீதியாள் எடுக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் வரட்டும் அக்கா. யாரா இருந்தாலும் சரி."

*

அந்த வியாழக்கிழமை ஞானப்பூ எடைமேடைக்கு வேகமாக வந்தாள்.

"பார்த்துட்டேன்."

"சொல்லுங்க."

"நல்லா வேணும்."

"அது நீங்க நினைச்சது. என்ன பார்த்தீங்க?"

"கிடக்கான்."

"எப்படி?"

"கட்டில்ல. ஒருக்களிச்சு."

"எந்தப் பக்கம்?"

"பக்கமா முக்கியம்?"

"முதுகுல புண்ணு இருக்கா?"

"தெரியாது."

"கை?"

"போர்வைக்குள்ள இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?"

"உள்ள எங்க போனேன்? ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

எப்சிபா பேனாவை மூடி வைத்தாள்.

"ஒருத்தர் போர்வை போத்திப் படுத்திருக்கார்னு ஆண்டவர்கிட்ட போய்ச் சொல்லவா?"

ஞானப்பூவுக்குக் கோபம் வந்தது.

"ஏன், அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்சவர்தானே? எந்தப் பக்கம் புண்ணு, எந்தக் கையில காயம்னு நான் போய்ப் பார்த்துட்டு வந்து அவருக்குச் சொல்லணுமாக்கும்?"

"அவருக்குத் தெரியும்க்கா."

"அப்புறம் என்ன?"

"உங்களுக்குத்தான் தெரியலை."

ஞானப்பூ எழுந்தாள். கதவு வரை போனாள். திரும்பி வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? எனக்கு ஜெபம் வரலைன்னு வந்தேன்ல. ஒருத்தருக்கும் வரலை. இவன் ஒருத்தனுக்கு மட்டும் வருது. காலையில எந்திரிச்சதும் வருது. சோறு வடிக்கும்போது வருது."

"என்ன கேக்குறீங்க?"

"இவன் சாகணும்னு."

எப்சிபாவின் முகத்தில் மாற்றம் இல்லை. பஸ் நேரம் விசாரிப்பவள் போலக் கேட்டாள்.

"தினமுமா?"

"ஒரு நாள் விட்டதில்லை."

"நாங்க வாரத்துக்கு ஒரு தடவைதான் ஜெபிக்கிறோம். அதுலயும் இந்தப் பேரை இன்னும் எடுக்கலை. அந்த மனுஷன் பேரைத் தினமும் ஆண்டவர்கிட்ட கொண்டுபோறது இந்தச் சபையிலயே நீங்களும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான்க்கா."

"கேலி பண்ணாதே."

"இல்லக்கா. எண்ணித்தான் சொல்றேன்."

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. எப்சிபா பேனாவைத் திறந்தாள்.

"கேக்குறதை நிறுத்தாதீங்க. ஆனா ஆளைச் சரியாப் பார்த்துட்டுக் கேளுங்க."

*

அந்த வெள்ளிக்கிழமையும் பெயரை எடுக்கவில்லை. ஜன்னல் கணக்கில் வராது என்று எப்சிபா சொல்லிவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் ஞானப்பூ கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. லீதியாள் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

உள்ளே டெட்டால் வாசனை. அதற்குக் கீழே இன்னொரு வாசனை.

பொன்சிங்கின் வலது கண்ணில் இமை இல்லை. அந்தக் கண்ணால்தான் முதலில் பார்த்தார்.

"யாரு?"

அவள் கட்டிலருகே போனாள்.

"ஞானப்பூவா?"

"ம்."

"ஜெபிக்க வந்தியாம்மா?"

"இல்ல. பார்க்க வந்தேன்."

"பாரு."

அவள் பார்த்தாள்.

"போலீஸ் வந்து பார்த்தாங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்தாங்க. பேப்பர்காரங்க போட்டோ எடுத்தாங்க. சபை ஐயர் வந்து வாசல்ல நின்னு ஜெபிச்சார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நாத்தம் அப்படி. நம்ம சபையில இருந்து கட்டில்கிட்ட வந்தது நீதான்."

ஞானப்பூ முந்தானையால் மூக்கைப் பொத்தப் போனாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மன்னிப்புன்னு ஆரம்பிச்சீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

"அதைக் கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல. இது வேற."

மூச்சு வாங்கினார்.

"ஜெபக் கூட்டத்துக்குப் போறேல்ல. சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லு. லீதியாள் சுகம் வேணும்னு எழுதிப் போடுறா. எனக்குச் சுகம் வேண்டாம். முடிச்சிரச் சொல்லு."

"அதைத்தான் எட்டு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

பொன்சிங்கின் உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. சிரித்தாரா என்று தெரியவில்லை.

"நல்லா அழுத்திக் கேளும்மா," என்றார்.

*

மறுநாள் காலை எடைமேடை திறக்கும் முன்பே ஞானப்பூ வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். எப்சிபா பூட்டைத் திறந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நீங்களும் அவரும் ஒரே காரியத்தைத்தான் கேக்குறீங்க."

"ஆமா."

"ரெண்டு பேர் ஒரே மனசாக் கேட்டா அது சும்மா போகாதுன்னுதான் நாம இந்தக் கூட்டமே நடத்துறோம். பயமா இல்லையா அக்கா?"

ஞானப்பூ தரையைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையில வரலை."

"எது?"

"அந்த ஜெபம். எந்திரிச்சு உட்கார்ந்து வாயைத் திறந்தேன். வரலை."

"ஏன்?"

"அவன் கேட்டதை நான் எதுக்கு வாங்கிக் கொடுக்கணும்?"

எப்சிபா கையில் சாவியோடு அப்படியே நின்றாள். முதல் லாரி வந்து ஹாரன் அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது.

"அப்ப பிழைக்கணும்னு கேப்பீங்களா?"

"அதையும் கேக்க மாட்டேன்."

"சாகவும் வேண்டாம். பிழைக்கவும் வேண்டாம்."

"ஆமா."

"பாவம் ஆண்டவர்," என்றாள் எப்சிபா. "என்னதான் செய்வார்?"

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது வேறாக மாறியது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். லாரி டிரைவர் இறங்கி வந்து, கதவருகில் நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் என்ன செய்ய?"

"இன்னிக்கு இன்னொரு தடவை போங்க. நாளைக்கு வந்து பார்த்ததைச் சொல்லுங்க."

"அப்புறம் ஜெபம்?"

"அதை நான் பார்த்துக்கிறேன். நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம்."

*

வெள்ளிக்கிழமை மின்சாரம் இல்லை. மழை வருவது போல இருட்டியிருந்தது. பதினான்கு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொன்சிங்," என்றாள் எப்சிபா.

ஞானப்பூ எழுந்தாள்.

அதே நேரத்தில் நவமணியும் எழுந்தாள். வெளியே போவதற்காக. அவள் தம்பியும் அந்த ஒன்பதில் ஒருவன்.

"உட்காரு தாயி," என்றார் ஆபேல் அண்ணாச்சி. "அவளே நிக்கிறா."

நவமணி உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஜெபிக்கப் போறதில்லை," என்றாள் ஞானப்பூ. "பார்த்ததைச் சொல்லிட்டு உட்கார்ந்திருவேன். முந்தாநாள் போனேன். நேத்தும் போனேன்."

சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுத்தான் படுக்க முடியும். வலது பக்கம் தோல் இல்ல. முதுகுல படுக்கைப் புண்ணு ரெண்டு. ஒண்ணு என் உள்ளங்கை அகலம் இருக்கும். வலது கண்ணு மூடாது. தூங்கும்போதும் திறந்துதான் இருக்கு. ஈ வந்து உட்காருது. விரட்ட முடியாது. ரெண்டு கையிலயும் விரல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு."

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"லீதியாள் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போனா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவா. தலைமாட்டுல ஒரு சொம்புத் தண்ணி இருந்துச்சு. அப்படியே இருந்துச்சு. ஏன் குடிக்கலைன்னு கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கொடுக்கும்னு லீதியாள் சொல்லி வச்சிருக்கா. அது ரெண்டு வாரமா வரலை. நாத்தம் தாங்கலை போல. அதை லீதியாள்கிட்ட சொல்லிராதே, வேலையை விட்டுட்டு வந்து உட்கார்ந்துருவா, அப்புறம் அடுப்பு எரியாதுன்னார். பதினோரு மணி நேரம். தினமும்."

நிறுத்தினாள்.

"தண்ணி கொடுத்தேன். கொடுக்கணும்னு நினைச்சுப் போகலை. துணியை நனைச்சுப் பிழிஞ்சேன். பாதி உள்ள போச்சு. பாதி கழுத்துல வழிஞ்சிருச்சு. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிருக்கணும். அது எனக்குத் தெரியலை."

மழை தகரக் கூரையில் விழத் தொடங்கியது. அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இன்னொண்ணு சொல்லணும். அன்னிக்குச் சனிக்கிழமை அவர் எங்க வீட்டுக்கு வந்து கூப்பிட்டப்ப, பியூலா வரலைன்னுதான் சொன்னா. நாளைக்குக் கோயில்ல எனக்குப் பாட்டு இருக்கு மாமான்னா. அவரும், சரிம்மா பரவாயில்லைன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். தெருவுக்கு இறங்கினவரை நான்தான் கூப்பிட்டேன். பிள்ளை வருவா, நீங்க பேரை எழுதிக்கோங்கன்னு நான்தான் சொன்னேன்."

நவமணி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"போலீஸ் எழுதினப்ப அவர் இதைச் சொல்லலை. ஆஸ்பத்திரிக்கு மாஜிஸ்திரேட் வந்து கேட்டப்பவும் சொல்லலை. வரமாட்டேன்னு சொன்ன பிள்ளையைத் தான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனதா வாக்குமூலம் கொடுத்திருக்கார். நேத்து கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு."

ஞானப்பூ நவமணியைப் பார்த்தாள்.

"நீ எப்படிம்மா தாங்குவேன்னு கேட்டார்."

சீட்டு அவள் கையில் கசங்கியிருந்தது.

"புண்ணு இனிமே ஆறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அந்தக் கண்ணு கொஞ்ச நேரமாவது மூடணும். தண்ணி கொடுக்க ஒரு ஆள் வேணும். அவர் சாகணும்னு சொல்றார். ஆனா பயப்படுறார். கிளம்புறேன்னு நான் எந்திரிச்சப்ப, அந்த ஒட்டிப்போன கையால என் சேலையைப் பிடிக்கப் பார்த்தார். பிடிக்க முடியலை. அதையும் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்."

உட்கார்ந்தாள்.

"எனக்கு ஜெபம் வரலை தங்கச்சி. நீ ஜெபிச்சிரு."

தலையைத் தூக்கிப் பார்த்தாள். மற்றவர்களில் ஒருவர் கண்ணும் திறந்திருக்கவில்லை. ஆபேல் அண்ணாச்சி முழங்காலில் நின்றிருந்தார். நவமணியின் நெற்றி பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எப்சிபா மெல்லக் கண் திறந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, உங்க சீட்டு யாருது?"

"தங்கச்சி," என்றாள் ஞானப்பூ. "பொன்சிங் பேருக்கு இன்னும் ஜெபிக்கலையே?"

"அது ஆச்சுக்கா," என்றாள் எப்சிபா.